நூத்துக்கு எவ்வளவுங்கறதுக்கு முன்னாடி, எதுல நூத்துக்கு?

[திரையில்: நகைக்கடை பில். பேனா முனை ‘சேதாரம் 12%’ங்கற வரிக்குக் கீழ கோடு போடுது.]

வணக்கம். வேலூர்ல ஒரு நகைக்கடைக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். வாசல்ல ஆள் உயரத்துக்கு போர்டு: ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’. ‘சேதாரத்தில்’ மட்டும் குட்டி எழுத்து, 25 மட்டும் பூசணிக்கா சைஸ். சரி, பில்லைப் பிரிச்சுப் பாத்துடலாம்.

கணக்கு லேசா இருக்கட்டும்னு கிராம் 10,000 ரூபான்னு எடுத்துக்கறேன். இன்னைக்கு ரேட் அது இல்லைன்னு கமெண்ட்ல சண்டைக்கு வந்துடாதீங்க. ஒரு சவரன், அதாவது 8 கிராம், 80,000 ரூபா. சேதாரம் 12%. இதுக்கு கால்குலேட்டர் தேவையே இல்ல. 80,000-ல ஒரு சைபரை எடுத்தா 8,000, அது 10%. இன்னொரு சைபரையும் எடுத்தா 800, அது 1%. ரெண்டு 800, 1,600. மொத்தம் 9,600.

இந்த 9,600-லதான் 25% தள்ளுபடி. கால்வாசி, 2,400. தங்கத்தோட விலை 80,000. அதோட ஒப்பிட்டா இந்த 2,400 வெறும் 3%.

[திரையில்: ரெண்டு கடை பில் பக்கத்துல பக்கத்துல.]

இப்ப எதிர்க்கடைக்கு வாங்க. போர்டும் இல்ல, தள்ளுபடியும் இல்ல, சேதாரம் 8%. அங்க 6,400 ரூபா. இங்க தள்ளுபடி போகவும் 7,200. போர்டு வெக்காத கடையில 800 ரூபா மிச்சம்! அதனால நகைக்கடையில தள்ளுபடி எவ்வளவுன்னு கேக்காதீங்க. “தள்ளுபடி போக சேதாரம் எத்தனை பர்சன்ட் நிக்குது, அண்ணே?”ன்னு கேளுங்க. செய்கூலின்னு தனியா ஒரு வரி இருந்தா அதையும் சேத்துக் கேளுங்க.

அடுத்தது ஜி.எஸ்.டி., 3%. முதல் கடையில தள்ளுபடி போக சேதாரம் 9%, வரி 3%, கூட்டினா 12%, ஆக 89,600-னு மனசுல போட்டிருப்பீங்க. பில்லுல 89,816 இருக்கும். அந்த 216 ரூபா எங்கிருந்து வந்துச்சு? தங்கத்துக்கு மட்டும் இல்லாம, சேதாரம் 7,200-க்கும் சேத்து 3% போட்டிருக்காங்க. கடைக்காரர் ஏமாத்தல, வரி அப்படித்தான். ஆனா வேற வேற தொகை மேல விழற சதவீதத்தை நேரா கூட்டக் கூடாது. ஆடித் தள்ளுபடி ‘50% + 20%’ போர்டும் இதே கதைதான். 2,000 ரூபா புடவை முதல்ல 1,000 ஆகும், அந்த 1,000-லதான் 20% குறையும். 800 ரூபா குடுக்கணும். ஆக 60% தள்ளுபடி, 70% இல்ல.

போற போக்குல ஒண்ணு. நகையில 916-னு முத்திரை இருக்கே, அதுவும் இந்த ஜாதிதான். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், நூத்துக்கு 91.6.

[திரையில்: தராசுத் தட்டுல முள்ளுக் கத்திரிக்கா. காம்புல முள்ளு தெரியுற மாதிரி கிட்டத்துல.]

இது நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா, 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது. கிலோ 40-ல இருந்து 60 ஆச்சுன்னா 50% ஏத்தம். மறுவாரம் 60-ல இருந்து 40-க்கே திரும்பிடுச்சு. இறக்கம் எவ்வளவு? 50% இல்ல, 33 சொச்சம். அதே 20 ரூபாதான். ஏறும்போது 40-ல பாத்தோம், இறங்கும்போது 60-ல பாக்கறோம்.

[திரையில்: தண்டல் நோட்டு. வரிசையா 100, 100, 100.]

இப்ப வட்டி. இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. ஊர்ல ‘ரெண்டு வட்டி’ன்னா மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு 24. பேங்க்ல 12%-னு சொன்னா அது வருஷத்துக்கு. ‘ரெண்டுதானே, பன்னெண்டை விட கம்மி’ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் உக்கார வெச்சு விளக்குங்க.

அதை விட நுணுக்கமானது தண்டல். மார்க்கெட்ல கடை போடற அக்கா 10,000 ரூபா தண்டல் எடுக்கறாங்க. கையில வர்றது 9,000. தினம் 100 ரூபா, 100 நாள் கட்டணும். “10% தானேம்மா”ன்னு சொல்லிக் குடுப்பாங்க. முதல் விஷயம், அக்கா வாங்கினது 9,000, கூட கட்டறது 1,000. அப்பவே 11% ஆயிடுச்சு. ரெண்டாவது, அந்த 9,000-மும் 100 நாள் முழுக்க அவங்க கையில இல்ல. மறுநாள்ல இருந்தே திருப்பிக் குடுத்துட்டு வர்றாங்க. பாதி நாள் தாண்டும்போது பாதிக் கடன்கிட்ட அடைஞ்சிருக்கும். மூணாவது, இது 100 நாளைக்கான வட்டி, வருஷத்துக்கு இல்ல. மூணையும் சேத்து, குறையற பாக்கி மேல கணக்குப் போட்டா வருஷத்துக்கு 77%-க்கு மேல வருது. வண்டி லோன்ல ‘ஃப்ளாட் 10%’னு, அதாவது கடன் குறைஞ்சாலும் முதல்ல வாங்கின முழுத் தொகைக்கும் வட்டின்னு, சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்க. ஒரு வருஷ லோனா இருந்தா, குறையற பாக்கி மேல அது கிட்டத்தட்ட 18%.

[திரையில்: வாழை இலையில பிரியாணி, ஓரமா கத்திரிக்கா பச்சடி, பக்கத்துல பில்.]

பசிக்குது, ஆம்பூர்ல நிறுத்திடலாம். பில் 420 ரூபா, 5% ஜி.எஸ்.டி. உள்பட. இதுல வரி எவ்வளவு? 420-ல 5% போட்டு 21-னு சொன்னா தப்பு. வரி போட்டது சாப்பாட்டு விலை மேல, பில் தொகை மேல இல்ல. சாப்பாடு 100-னா பில் 105. அதுல வரி 5, அதாவது 21-ல ஒரு பங்கு. 420-ஐ 21-ஆல வகுங்க: வரி 20, பிரியாணி 400.

18% வரி உள்ள பொருள்னா 118-ஆல வகுத்து 18-ஆல பெருக்கணும். 1,180 ரூபா பில்லுல வரி 180. அப்புறம், ‘காம்போசிஷன்’ திட்டத்துல, அதாவது மொத்த விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை கடையே வரியா கட்டற திட்டத்துல, இருக்கற சின்னக் கடைங்க உங்ககிட்ட தனியா ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது. பில்லுல அந்த வார்த்தையும் இருந்து, கீழ வரியும் போட்டிருந்தா, கல்லாவுல உக்காந்திருக்கறவர்கிட்ட பில்லைத் திருப்பிக் காட்டிக் கேளுங்க.