பெட்டியில் 2000 வாட்ஸ், உள்ளே 30 அம்பியர்

வணக்கம் நேயர்களே. காருக்கு அம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான். கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு சுற்று வந்தால் 1500, 2000 வாட்ஸ் எல்லாம் மலிவாகவே கிடைக்கும். அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். தேட வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி.

ஆர்எம்எஸ் எழுதியில்லையா? சாமானைத் திருப்பி, பின்னால் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் என்றால், கார் ஓடும்போது கிடைக்கும் சுமார் 13.8 வோல்ற்றால் பெருக்குங்கள்: 414 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அம்ப்ளிஃபையரின் உள் அமைப்பைப் பொறுத்து இது மாறும்: கிளாஸ் டி வகை என்றால் ஏறக்குறைய 80 வீதம் ஸ்பீக்கருக்குப் போகும். கிளாஸ் ஏபி என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 2000 வாட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், சிரிப்பார்.

ஸ்பீக்கரிலும் ஆர்எம்எஸ் போட்டிருக்கும். 60 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு, ஒவ்வொரு சனலுக்கும், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும், 60 முதல் 80 வாட்ஸ் தரும் அம்ப் நல்லது. சக்தி குறைந்த அம்ப்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன அம்ப்பை அதன் எல்லைக்கு மேலே முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்பில் முதலில் கருகுவது ட்வீட்டர் எனும், கீச்சுக் குரலுக்கான சின்ன ஸ்பீக்கர்தான். அப்புறம், 'கெயின்' என்ற திருகு சத்தம் கூட்டுவதற்கல்ல. டாஷ்போர்டில் உள்ள செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்ப்பைப் பொருத்துவதற்கு.

ஓம் கணக்கும் உண்டு. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சனலில் சமாந்தரமாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். அம்ப் 2 ஓமைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு இணையுங்கள். இரண்டு சனலை ஒன்றாகச் சேர்த்து 'பிரிட்ஜ்' செய்தால், பெரும்பாலான அம்ப்களுக்கு 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

கொழும்பில் இப்போது எங்கு பார்த்தாலும் ஹைபிரிட் கார். ப்ரியஸ், அக்குவா வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அவற்றின் 12 வோல்ற் பற்றரி என்ஜினை ஸ்டார்ட் செய்வதில்லை, அதனால் சிறியது. டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரியாமல் காரை நிறுத்தி வைத்து மணிக்கணக்காகப் பாட்டுப் போட்டால், காலையில் கார் எழும்பாது. பின் சீற்றருகே ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று போகும் துளை இருக்கும். அம்ப்பையோ, தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரின் பெட்டியையோ வைத்து அதை மறைக்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் அந்தக் காற்று அதற்குத் தேவை. ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அது உயர் வோல்ற்.

வயருக்குக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் செம்பைப் போலவே தோன்றும். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதே தடிப்புள்ள செம்பு அளவுக்கு அது மின்னோட்டம் தாங்காது. பற்றரியிலிருந்து ஓர் அடிக்குள் பியூஸ் ஒன்று கட்டாயம். ஏர்த் வயரைக் குட்டையாக வைத்து, காரின் உடலில் பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்குங்கள். அது தளர்ந்தால் என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும்.