கார்ட்டியே சொன்ன பொய்களும் ஒரு மரப்பட்டைக் கஷாயமும்

[திரையில்: பனியில் உறைந்த ஆறு, அசையாமல் நிற்கும் மூன்று கப்பல்கள்]

வணக்கம். கனடாவுக்கு அந்தப் பெயர் வந்த கதையைத் தேடினால் ஜாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு மாலுமிதான் முதலில் வருவார். சேன் மாலோ துறைமுகத்துக்காரர், 1491இல் பிறந்தவர். மேற்கே போனால் ஆசியாவுக்கு வழி கிடைக்கும், தங்கமும் கிடைக்கும் என்று நம்பி, பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா அவரை 1534இல் இரண்டு கப்பல், 61 ஆட்களோடு அனுப்பி வைத்தார்.

அந்த ஜூலையில் இன்றைய கனடாவின் கிழக்கே காஸ்பே கரையில் 30 அடி உயரச் சிலுவை ஒன்றை நட்டார்கள். உடனே அங்கே இருந்த பூர்வகுடி மக்களின் தலைவர் தோனகோனா கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு படகில் வந்து, சிலுவையைக் காட்டி, சுற்றியுள்ள நிலத்தையும் காட்டி, ‘இதெல்லாம் எங்களுடையது, யாரைக் கேட்டு நட்டீர்கள்’ என்பதுபோல் சைகையில் கேட்டார். கார்ட்டியே ஒரு கோடரியை நீட்டி, கரடித்தோலுக்கு இதைத் தருகிறேன் என்று ஆசை காட்ட, படகு பக்கத்தில் வந்ததும் மாலுமிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம், சிலுவை வெறும் வழி அடையாளம்தான் என்று ஒரு பொய். தோனகோனாவின் மகன்கள் தோமகாயா, தைக்னோக்னி இருவருக்கும் சட்டையும் சிவப்புத் தொப்பியும் மாட்டிவிட்டு பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த வருடம் அவர்களே வழிகாட்டிகள். ‘கனாட்டா’ போகும் வழி இது என்றார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு ஊர் என்றுதான் பொருள், அதுவே நாட்டின் பெயராகிவிட்டது. மூன்று கப்பல்களோடு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறி, இன்றைய கியூபெக் இருக்கும் ஸ்டாடகோனாவுக்கும், அங்கிருந்து ஹோஷெலாகா என்ற ஊருக்கும் போனார். அங்கே இருந்த மலைக்கு அவர் வைத்த பெயர்தான் இன்றைய மாண்ட்ரியல்.

[திரையில்: ஒரு கிளை, பக்கத்தில் கொதிக்கும் பானை]

நவம்பர் நடுவில் ஆறு உறைந்தது, ஏப்ரல் வரை கப்பல் நகரவில்லை. காய், பழம் எதுவும் இல்லாமல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஸ்கர்வி வந்தது, அதாவது வைட்டமின் சி குறைபாடு: ஈறு அழுகி, பல் விழுந்து, கால் வீங்கிக் கறுத்துப்போகும். பிப்ரவரி நடுவில் 110 பேரில் நலமாக இருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் தாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், உள்ளே இருப்பவர்களைச் சுத்தியலால் தட்டச் சொல்லி, எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோல் நடித்தார் கார்ட்டியே.

ஒரு நாள் தோமகாயா நடந்து வருவதைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் இதே நோயில் முழங்கால் வீங்கிக் கிடந்தவன்! ‘என் வேலைக்காரன் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, நீ எப்படிக் குணமானாய்?’ என்று கேட்டார், இங்கேயும் பொய்தான். தோமகாயாவோடு இரண்டு பெண்கள் போய், ‘அன்னெடா’ என்ற மரத்தின் கிளைகளைக் கொண்டுவந்தார்கள். பட்டையையும் இலையையும் கொதிக்கவைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடி, சக்கையைக் காலில் கட்டு, அவ்வளவுதான். முதலில் குடிக்கவே தயங்கியவர்கள், குணம் தெரிந்ததும் முண்டியடித்து, ஒரு பெரிய மரத்தையே சில நாட்களில் காலி செய்தார்கள். அதற்குள் 25 பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இதற்குக் கைமாறாக அவர் செய்தது என்ன தெரியுமா? 1536 மே மாதம் தோனகோனாவையும், உயிர்காத்த தோமகாயாவையும் சேர்த்துப் பத்துப் பேரைப் பிரான்சுக்குக் கடத்திப்போனார். ஒரு சிறுமியைத் தவிர எல்லோரும் அங்கேயே இறந்தார்கள். 1541இல் கனடாவுக்குத் திரும்பி வந்து, அந்த ஊர்க்காரர்களிடம் ‘தோனகோனா இறந்துவிட்டார், மற்றவர்கள் அங்கே பிரபுக்களாக வாழ்கிறார்கள், வர மனமில்லையாம்’ என்றார்.

குடியேற்றம் அமைக்க வந்த இந்த மூன்றாம் பயணத்தில்தான் தங்கமும் வைரமும் கிடைத்துவிட்டன என்று பீப்பாய்களில் அள்ளினார். திரும்பும் வழியில் சந்தித்த மேலதிகாரி ரோபர்வால், மறுபடி குடியேற்றத்துக்கு வா என்று உத்தரவிட, சரக்கோடு இரவோடு இரவாக நழுவிவிட்டார். பிரான்சில் சோதித்துப் பார்த்தால் தங்கம் வெறும் இரும்புப் பைரைட், அதாவது தங்கம்போல் மின்னும் ஒரு கனிமம்; வைரம் வெறும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல். ‘கனடா வைரம் போலப் பொய்’ என்று பிரெஞ்சில் ஒரு பழமொழியே வந்துவிட்டது.