கரைசேர்த்தது தொழிலறிவே

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். தனியொருவராக உலகைக் கடல்வழியே முதன்முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கமைக் கரைசேர்த்தது துணிச்சலா, தொழிலறிவா என்ற தலைப்பில், தொழிலறிவே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நீச்சலே தெரியாத ஒருவர் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 ஜூனில் நியூபோர்ட்டில் வந்திறங்கியது துணிச்சலன்றி வேறென்ன என்று கேட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டார்.

நீச்சல் தெரியாதவருக்குப் படகு கட்டத் தெரியும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்ற ஊரின் வயல்வெளியில் இற்றுக் கிடந்த ‘ஸ்பிரே’ என்ற படகுக்கு, அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி, படகின் முதுகெலும்பான ஏராக்கட்டையைச் செதுக்கி, பலகை பலகையாக மாற்றி, 13 மாதம் தம் கையாலேயே உழைத்து உயிர்கொடுத்தார். பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் சொச்சம். அந்தப் படகில் ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, சுக்கானைத் தாம் பிடித்திருந்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேல் இல்லை என்று அவரே எழுதுகிறார். பாய்களைக் காற்றுக்கேற்பத் திருத்திச் சுக்கானைக் கயிற்றால் பிணைத்துவிட்டால் ஸ்பிரே தன் திசையில் போய்க்கொண்டேயிருக்கும். தனியாளாகப் போனவர் தூங்கியது இப்படித்தான். துணிச்சல் எவரையும் தூங்கவைக்காது.

தென் அமெரிக்காவின் தென்கோடியான டியரா டெல் ஃபுவேகோவில் தனியே நங்கூரமிட்டதையும் வீரமாக்கினார்கள். அங்கே அவர் செய்தது என்ன? கம்பளத்தில் அடிக்கும் சிற்றாணிகளை மேல்தளத்தில் பரப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார். நள்ளிரவில் படகைத் தாக்க வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்.

கடலில் தீர்க்கரேகை கணிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும் என்பார்கள். நேரம் பார்க்க அவரிடம் இருந்தது, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். நிலவின் கோணத்தை அளந்து தீர்க்கரேகை கணிக்கத் தெரிந்தவருக்கு அது போதுமாயிருந்தது. தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் அன்பளிப்பாக வந்த ஆடு மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட்டது. வரைபடம் இல்லாமலேயே அந்தக் கடலையும் கடந்தார்.

கடைசியில், அறுபதைக் கடந்த வயதில் இதே ஸ்பிரேயில் தென் அமெரிக்கா நோக்கிப் போனவர் திரும்பவில்லையே, அப்போது தொழிலறிவு எங்கே போயிற்று என்று எதிரணி கேட்கலாம். அந்நாளில் ஸ்பிரேயின் பராமரிப்பு முன்போல் இல்லை என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துணிச்சலோ குறையவே இல்லை. அது மட்டும் ஏன் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்று அடுத்துப் பேச வரும் நண்பர் சொல்லட்டும்.