அப்பாவுக்கு எண்டோஸ்கோபி வீடியோவை ஒரே ஒரு தடவை காட்டாதீங்க!

நாளைக்குக் காலையில தஞ்சாவூர்ல அப்பாவுக்கு எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியா டியூப் விட்டு வயித்துக்குள்ள பார்க்கிற டெஸ்ட். இன்னிக்கு ராத்திரி நீங்க போனை எடுத்து, "இப்படித்தான்ப்பா டியூபை விடுவாங்க, பாருங்க"ன்னு ஒரு வீடியோ காட்டுறீங்க. அவரும் "ம், சரி"ங்கறார். நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சீங்க. ஆனா சில பேருக்கு, அந்த ஒரு தடவை பார்த்ததுதான் மேசையில படுக்கும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கக் காரணமே. எந்தச் சில பேருக்கு? வாங்க பார்ப்போம்.

வணக்கம் மக்களே!

பின்னணியை வேகமா சொல்லிடுறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அளவோட கவலைப்படுறவங்க அதுக்கப்புறம் நல்லா சமாளிக்கிறாங்கன்னு 1958-ல அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் எழுதினார். பின்னாடி வந்தவங்க, "எல்லா ஆளும் ஒண்ணு இல்லையே"ன்னு ஆளோட சுபாவத்தைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. நமக்கு வேண்டியது இந்த இடம்தான்.

ஜூன் மாசம் நெருங்கினா உங்க வீட்டுல மேட்டூர் நிலவரம் பார்க்கிறது யாரு? மன்னார்குடிப் பக்கம் அண்ணன் தம்பி ரெண்டு பேரை வச்சுக்குங்க. விடிஞ்சதும் அண்ணன், "இன்னிக்கு எத்தனை அடி? நீர்வரத்து எத்தனை கன அடி? 12-ஆம் தேதி திறந்துடுவாங்களா? கல்லணைக்கு எப்ப வரும்?"னு ஆரம்பிச்சுடுவார். 120 அடிக்கு இன்னும் எவ்வளவு குறையுதுன்னு மனக்கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். தம்பியோ, "வாய்க்கால்ல தண்ணி வரட்டும்ண்ணே, அப்புறம் நாத்தங்கால் வேலையைப் பார்ப்போம்"னு போய்ப் படுத்துடுவார். ரெண்டு பேருக்கும் ஒரே நிலம், ஒரே கவலை. அண்ணனுக்கு விவரம் தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும், தம்பிக்கு அதை மறந்தாத்தான் வரும். இதுல யாரும் கோழையும் இல்ல, வீரனும் இல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே சுபாவம்தான் கூடப் போகுது. சுசான் மில்லர்ங்கற உளவியலாளர் அண்ணன் மாதிரி ஆளுங்களை மானிட்டர் (கவனிச்சுக்கிட்டே இருக்கிறவர்)னும், தம்பி மாதிரி ஆளுங்களை பிளண்டர் (நினைப்பை மழுங்கடிச்சுக்கிறவர்)னும் பிரிச்சாங்க. 1983-ல பெண்களுக்குச் செய்ற ஒரு மருத்துவப் பரிசோதனையில, அவங்கவங்க சுபாவத்துக்குத் தகுந்த அளவு விவரம் கிடைச்சவங்ககிட்ட பதற்றம் குறைவா இருந்ததைக் காட்டினாங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வுக்கு வரேன். 1978. அதுவரைக்கும் எண்டோஸ்கோபியே செஞ்சுக்காத நோயாளிகள். ஒரு குழுவுக்கு அந்த வீடியோவைக் காட்டவே இல்ல. இன்னொரு குழுவுக்கு ஒரு தடவை. மூணாவது குழுவுக்கு மூணு தடவை. அப்புறம் இதயத் துடிப்பை அளந்தாங்க. அண்ணன் வகை ஆளுங்களுக்குக் கணக்கு நேரா போச்சு: அதிகமா பார்க்கப் பார்க்க துடிப்பு அடங்குச்சு. தம்பி வகைக்கு? பார்க்காதவங்க பரவாயில்ல. மூணு தடவை பார்த்தவங்களும் பரவாயில்ல. ஒரே ஒரு தடவை பார்த்தவங்களுக்குத்தான் துடிப்பு எகிறிப்போச்சு!

ஏன்னு யோசிச்சா பளிச்னு புரியுது. நினைக்காம இருக்கறதுதான் தம்பியோட பாதுகாப்பு. ஒரு தடவை காட்டினா அது உடையுது, ஆனா பழகிக்க நேரம் கிடைக்கல. மூணு தடவை பார்த்தா பயமே சலிச்சுப்போகுது. அதாவது அரைகுறைதான் ஆபத்து. நம்ம ஊர்ல கிடைக்கிறதே அரைகுறைதானே! பக்கத்து பெட்டுக்காரர் சொல்ற பாதிக் கதை, குடும்ப குரூப்புல வர்ற ஒரு நிமிஷ வீடியோ, வாசல்ல நிக்கிற மாமா சொல்ற "எங்க ஊர்ல ஒருத்தருக்கு..."

அதனால முதல்ல கேளுங்க: "அப்பா, என்ன செய்வாங்கன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?" சொல்லுன்னா முழுசா சொல்லுங்க. தொண்டையில கசப்பா ஒரு ஸ்ப்ரே அடிப்பாங்க, மரத்துப்போகும், எச்சில் முழுங்கவே ஒரு மாதிரியா இருக்கும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். பல்லுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பாங்க. டியூப் கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன்தான். குமட்டும், ஏப்பம் வரும், எச்சில் தானா வழியும், எல்லாம் சகஜம், துடைச்சுவிட நர்ஸ் பக்கத்துலயே நிப்பாங்க. மூச்சுக்குழாய் வேற வழி, மூக்கால தாராளமா மூச்சு விடலாம். பெரும்பாலும் சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

வேண்டாம்னா விட்டுடுங்க. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு கண்ணை மூடிப் படுத்துக்கட்டும், யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. ஆனா டாக்டர் சொன்ன நேரத்துல இருந்து வெறும் வயிறு, சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, மருந்து அலர்ஜி, இதையெல்லாம் எந்த சுபாவக்காரரா இருந்தாலும் பேசியே ஆகணும். ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போடும்போது டாக்டர் சொல்ற விவரத்தையும் நாம மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

உங்க வீட்டுல யாரு அண்ணன், யாரு தம்பி? கமெண்ட்ல எழுதுங்க. நாளைக்கு யாருக்காவது டெஸ்ட் இருந்தா இந்த வீடியோவை அனுப்புங்க, ஆனா நோயாளிக்கு வேண்டாம், கூடப் போறவங்களுக்கு அனுப்புங்க.