கெதார்ஸே: 'தங்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்

(திரையில்: கெதார்ஸே)

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல். நடுவில் வரும் எழுத்தை 'டா' என்று அழுத்தாதீர்கள். 'அது' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் வருகிற நம்முடைய 'த' தான் அது, ஆங்கிலக்காரர்கள் திணறுகிற இடத்தில் நமக்குச் சும்மாவே வந்துவிடும்.

அகராதியைத் திறந்தால் முதலில் 'தங்கு', 'இரு' என்றுதான் இருக்கும். 2020 மார்ச்சில் ஸ்பெயினில் ஊரடங்கு வந்தபோது எங்கு பார்த்தாலும் 'கேதத்தே என் காஸா', அதாவது வீட்டிலேயே இரு. சரி, இதில் குழப்பம் இல்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் 'மே கெதே தோர்மீதோ' என்று யாராவது சொல்லும்போது மாட்டிக்கொள்வீர்கள். 'தூங்கியபடி தங்கினேன்' என்று நான் கொஞ்ச நாள் அர்த்தம் பண்ணிக்கொண்டு திரிந்தேன். விஷயம் அதுவல்ல: 'அப்படியே தூங்கிப்போய்விட்டேன்'. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர் ஆபீஸில் சொல்கிற சாக்கு. சொல்பவர் பெண் என்றால் தோர்மீதா.

அந்தப் 'போய்விட்டேன்' தான் இங்கே சாவி. இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'அமைதிப்படுத்து' என்று பொருள், ஆகவே எல்லாம் நடந்து முடிந்து அடங்கிய பிறகு ஒருவர் எந்த நிலையில் நிற்கிறாரோ அதைச் சொல்ல கெதார்ஸே வரும். ஓவியர் கோயா 1792 கடைசியில் கடும் நோயில் விழுந்தார், அப்போது வயது 46, பிழைத்துக்கொண்டார், ஆனால் காது போய்விட்டது. ஸ்பானிஷில்: 'கோயா ஸே கெதோ ஸோர்தோ'. இங்கே 'தங்கினார்' என்று போட்டுப் பாருங்கள், சிரிப்புதான் வரும். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் இதே சொல்தான்: 'மே கெதே ஸின் பத்தெரீயா'. 'ஸின்' என்றால் 'இல்லாமல்'.

'ஸின்' போய் 'கோன்' வந்தால் கதை வேறு, இப்போது அது நம்முடைய 'வைத்துக்கொள்'. டாக்ஸியில் இறங்கும்போது 'கேதெஸே கோன் எல் காம்பியோ' என்றால் மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் 'கொள்' செய்கிற வேலையைத்தான் இங்கே 'ஸே' செய்கிறது. நான் என்றால் அது 'மே' ஆகும், நீ என்றால் 'தே', நாம் என்றால் 'நோஸ்'. அட்டவணையைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வீடியோவில் அதைப் படித்தால் நீங்களும் தூங்கிப்போவீர்கள்.

இப்போது நிறைய பேர் சறுக்குகிற இடம். துணிக்கடையில் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள்.

(திரையில்: மே கேதா பியென், மே லா கேதோ)

'எனக்குச் சரியா இருக்கு, எடுத்துக்கறேன்.' இரண்டு 'மே'யும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. முதல் பாதியில் எழுவாய் சட்டை, 'மே' என்பது நம்முடைய 'எனக்கு', வினை வெறும் கெதார். இரண்டாவதில் எழுவாய் நான், அதனால் 'கேதோ', இதுதான் கெதார்ஸே. 'எனக்கு 10 யூரோ மிச்சம் இருக்கு' என்பதும் முதல் வகைதான்: 'மே கேதான் தியெஸ் எவுரோஸ்'. எழுவாய் யூரோக்கள், அதனால் பன்மை. 'எனக்கு' என்று ஆரம்பித்துப் பழகிய நமக்கு இந்த அமைப்பு சொந்த வீடு மாதிரி, ஆங்கிலம் வழியாக யோசித்தால்தான் தலை சுற்றும்.

கடைசியாக, ஸ்பெயின்காரர்கள் பேச்சில் 'தே எஸ்தாஸ் கெதாந்தோ கொன்மீகோ?' என்று ஒருவர் புருவத்தை உயர்த்திக் கேட்டால், 'என்னோடு தங்குகிறாயா?' என்று எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 'என்னப்பா, என்னைக் கலாய்க்கிறியா?' என்று கேட்கிறார்.