நாற்பது செய்திகள் வந்தன, பலன் எவ்வளவு?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தொண்டு நிறுவனத்தில் மக்கள் தொடர்பைக் கவனிப்பவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ரத்ததான முகாம்களைப் பற்றி நாற்பது செய்திகள் வந்தன. இவ்வளவு இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் இத்தனை செலவாகியிருக்கும் என்று ஏஜென்சி ஒரு பெரிய தொகையை அறிக்கையில் காட்டியிருக்கிறது. நிர்வாகக் குழுவில் அதை அப்படியே சொல்லலாமா?"

சொல்லாதீர்கள். அந்தத் தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு செய்தி நாலு பத்தி (column) அகலம், 25 செ.மீ. உயரம் என்றால், நாலை 25-ஆல் பெருக்கி 100 பத்தி செ.மீ. என்பார்கள். அதை அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்குவார்கள். சிலர் அதோடு விடுவதில்லை. விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்று சொல்லி இன்னொரு மூன்றாலும் பெருக்குவார்கள். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், சரியான பதில் வராது.

இப்போது பத்திரிகையிலிருந்து வெட்டிவைத்த அந்தச் செய்தி நறுக்கைக் கையில் எடுத்துப் படியுங்கள். தலைப்பு ரத்தத் தட்டுப்பாட்டைப் பற்றியது. படத்தில் இருப்பவர் வேறு யாரோ. உங்கள் பெயர் கடைசிப் பாராவில் ஒரே ஒரு வரி. இருந்தாலும், ஸ்கேல் வைத்து அளந்தால் 100 பத்தி செ.மீ.யும் உங்கள் கணக்கில்தான் விழும். உங்களைத் திட்டி எழுதியிருந்தாலும் அதே தொகைதான்!

இந்தத் துறையின் அளவீட்டு அமைப்பான ஏமெக் 2010-இல் பார்சிலோனாவில் நடத்திய மாநாட்டில் ஏழு கோட்பாடுகள் ஏற்கப்பட்டன. விளம்பரக் கட்டணத்துக்குச் சமமான தொகை மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்பது அவற்றில் ஒன்று. 2015, 2020 திருத்தங்களிலும் அந்த நிலைப்பாடு மாறவில்லை. ஆனாலும் அந்தத் தொகை அறிக்கைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரிதாகத் தெரிகிறதே, அதுதான் காரணம் என்பேன்.

செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று சொல்லும் 'ரீச்' கணக்கிலும் உஷாராக இருங்கள். ஒரு தளத்துக்கு மாதம் முழுக்க வந்த எல்லோரும் உங்கள் செய்தியைப் படித்ததாகக் கூட்டிவிடுவார்கள். இரண்டு பத்திரிகை வாங்குபவர் அதில் இரண்டு ஆளாகிவிடுவார்.

அப்புறம் எதைச் சொல்வது? செய்தி வந்தது என்பதற்குத்தான் நறுக்கு சாட்சி. அதைப் படித்து யார் என்ன செய்தார்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. முதல்முறையாக ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விசாரித்து வந்த தொலைபேசி அழைப்புகளைத் தேதிவாரியாக எழுதி, பக்கத்தில் செய்தி வந்த தேதியையும் குறியுங்கள். செய்தி வராத ஊரில் நீங்கள் நடத்திய முகாமையும் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் அதே கூட்டம் என்றால், ஆட்களைக் கொண்டுவந்தது செய்தி என்று அடித்துச் சொல்ல முடியாது. கல்லூரி மாணவர்கள் வாட்ஸ்அப்பில் பரப்பியதாகக்கூட இருக்கலாம்.

அடுத்த முகாமுக்கு ஒரு வேலை செய்யுங்கள். கொடையாளர் படிவத்தில் "எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். டிக் அடிக்கக் கட்டம் வேண்டாம், அவர்களே எழுதட்டும். கட்டம் வைத்தால் பலர் முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.