மெசினைக் கழுவி ஊருக்குள் விடுங்கள்

பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, வன இலாகா அதிகாரி ஐயா அவர்களே, விவசாயப் போதனாசிரியர் தம்பி அவர்களே, பந்தல் போட்டுத் தந்த ஆலய பரிபாலன சபையினரே, பேச்சு எப்போது முடியும், மோர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, பெயர் சொல்லாமல் விட்டவர்கள் பொறுத்தருள்க. எல்லோருக்கும் வணக்கம்.

காட்டுப்பூ, களை, காட்டை மீட்பது என்று மூன்று விசயம் பேசச் சொன்னார்கள்.

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மட்டக்களப்பில் நம் உன்னிச்சைப் பக்கம் போங்கள். குனிந்துதான் தேடவேண்டும். விஷ்ணுகிராந்தி தரையோடு படர்ந்து, சுண்டுவிரல் நகமளவு நீலப்பூவைக் காலையில் விரிக்கும். வெயில் ஏறினால் சுருட்டிக்கொள்ளும். மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்குகிறவருக்கு அது கிடையாது. தும்பையும் ஆவரையும் அப்படி வஞ்சகம் செய்யா. காட்டு மரங்களான பாலை, வீரை, முதிரை பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தப் பூக்களின் இடத்தைப் பிடிப்பது யார்? களைகள்தான். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டாதே என்பார்கள். 1939ஆம் ஆண்டு கொழும்பில் தாவரவியல் படிப்பிக்கக் கொண்டுவந்த சல்வீனியா என்ற நீர்க்களை இன்று நாடு முழுக்கக் குளங்களை மூடுகிறது. அன்று நகம் போதும்; இன்று கோடாலியும் காணாது.

தரையில் பரவும் இன்னொரு களை பார்த்தீனியம். அதன் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு விழா. ஊர் பெயர் வேண்டாம். பிரதம விருந்தினருக்குப் பூச்செண்டு கட்ட வேண்டும், கடைக்குப் போகக் காசில்லை. பிள்ளைகள் றோட்டோரம் பொடிப்பொடியாய்ப் பூத்திருந்த வெள்ளைப் பூவை அள்ளிவந்து, நடுவில் இரண்டு செவ்வரத்தை செருகிக் கட்டினார்கள். பார்க்க வடிவுதான். பெரியவர் வாங்கி, மூக்கருகே பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். பேச எழும்பினார். ஒரு தும்மல். ‘அன்பார்ந்த’... இன்னொரு தும்மல். கண்ணால் தண்ணீர் வழிகிறது, மூக்குச் சிவக்கிறது. நம் சனம் லேசுப்பட்டதா? ஐயா உருகிவிட்டார் என்று கைதட்டத் தொடங்கிவிட்டது! தட்டத் தட்ட அவர் தும்ம, தும்மத் தும்ம இவர்கள் தட்ட, அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, ‘ஐயா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்’ என்றார். முன்வரிசை ஆச்சி ஒருவர்தான் எழும்பி, செண்டு கட்டிய பொடியனிடம் கேட்டார்: “மாடே வாய் வைக்காத பூ மனே, மனிசனுக்கா குடுத்தீங்க?”

சரி, சிரித்தது போதும். அந்த வெள்ளைப் பூதான் பார்த்தீனியம். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும்; ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். கரட் இலைபோல நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும்போதே, கையில் சொப்பிங் பேக்கையாவது மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் வேண்டாம், சொறியும். நாயுண்ணிப் பற்றையை மேலால் வெட்டிப் பயனில்லை, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். மண்வெட்டி போட்டு வேரைக் கிளப்ப வேண்டும். ஆனால் ஊருக்குள் விதை வருகிற வழியை அடைக்காமல் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அது சிரமதானம் இல்லை, வெறும் சிரமம்.

வழி எது? நெல் அறுக்கும் வெட்டுமெசின். வேளாண்மை வெட்டு வந்தால் வெளிமாவட்ட மெசின்கள் நம் வயலுக்கு இறங்குகின்றன. செயினில் ஒட்டிய மண்ணோடு பார்த்தீனியம் விதையும் இறங்குகிறது. வயலிலிருந்து வரம்புக்கு, வரம்பிலிருந்து காட்டோரத்துக்கு. ஊர் எல்லையில் ஒரே இடத்தில் மெசினைக் கழுவினால், முளைப்பதும் அந்த ஒரே இடத்தில்தான் முளைக்கும். பார்த்துப் பார்த்துப் பிடுங்கலாம். நகத்தால் கிள்ளுவது என்றால் இதுதான்.

இதைத்தான் நான் எந்த மேடை ஏறினாலும் கேட்கிறேன், கல்யாண வீட்டில்கூடக் கேட்டேன். மெசின்காரரிடம் பேச விவசாயத் தம்பி வருவார், இடத்தை ஆலயத்தார் தருவார்கள். தண்ணீர்ப் பவுசர் மட்டும் சபையிடம் இருக்கிறது. மாசி வெட்டுக்கு முன் அதைத் தருவதாகத் தவிசாளர் அவர்கள் தலையை ஆட்டினால், பாலை, வீரையை விட்டுவிட்டு நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.